ஓடை அமைத்த கதை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனும் இளங்கோவும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு நம் செயலாளர் என்னை அழைத்து, "இலக்கியத்தை வித்துவான்கள் பார்த்துக்கொள்வார்கள், தாங்கள் நம் கத்தோலிக்க அன்பர்களின் வலைத்தளத்திற்குச் செய்தியோடை அமைத்துக் கொடுத்த கதையைச் சொல்லுங்கள்" என்று பணித்தார். பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதைச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தனாக அமர்ந்தவன் யான். அம்மறையைச் சார்ந்தவனும் அல்லேன். கணிப்பொறியும் அலுவலகத்தில் தட்டித் தட்டிப் பழகியதே. ஆகவே பிழை காணின் பொறுத்தருள்க.

1960-ஆம் ஆண்டு எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அந்நாளைய சென்னை மாநிலத்திற்குச் சென்றது. நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. அதனால் இங்குள்ள தமிழருள் சிலர் இவ்வூரிலேயே பிறந்தவர். நம்மைப் போன்றவர் மாற்றல் ஆணையோடு வந்து இறங்கியவர். கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. சித்தூர்ப் பகுதி கடப்பை மறைமாவட்டத்தைச் சார்ந்தது. கோயிலில் வழிபாடு தெலுங்கில் நடைபெறுகின்றது. தெலுங்கு இனிய மொழி. அதனைக் குறை கூற ஒருவரும் துணியார். ஆயினும் தாய் சொல்லிக் கொடுத்த மொழியில் செபம் செய்வதற்கு ஈடு எது?

என் பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவர் அக்குறையை வானொலியால் தீர்த்துக்கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 1969 முதல் ஒலிபரப்பி வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சி அது. சிற்றலை முள்ளைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே அந்தத் தமிழ்க் குரலைப் பிடிப்பதில் அவர் கைதேர்ந்தவர். 2018-ஆம் ஆண்டின் நடுவில் அந்நிலையம் சிற்றலையை நிறுத்தி, முற்றிலும் இணையத்திற்கு மாறிற்று. அவ்வம்மையார் இரண்டு வாரம் முள்ளைத் திருகிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, பெட்டி ஊமையாகிவிட்டது" என்றார். பெட்டி பழுதன்று என்பதை அவருக்கு விளக்க எனக்கு நா எழவில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அக்குடும்பங்களின் இளைஞர்கள் ஒரு வலைத்தளம் தொடங்கினர். அன்றாட வாசகங்களின் குறிப்பு, செபங்கள், திருமண அறிவிப்பு, இரங்கல் அறிவிப்பு ஆகியவை தமிழில் அதில் வெளிவந்தன. ஆனால் யாரும் சென்று பார்ப்பாரில்லை. இரவுப் பணி முடித்து வருகிறவன் வலைத்தள முகவரியைத் தட்டிக்கொண்டா இருப்பான்? குண்டக்கல்லுக்கும் காஜிப்பேட்டைக்கும் மாற்றலாகிப் போனவர்களோ தளம் இருப்பதையே மறந்துவிட்டனர். அப்பொழுதுதான் ஓடை அமைக்கும் பேச்சு எழுந்தது.

ஓடை என்பது யாது? நம் தொழிலைக் கொண்டே சொல்லுகிறேன். சரக்கு வந்ததா என்று வணிகர் நாள்தோறும் நிலையத்திற்கு நடப்பது ஒரு முறை. சரக்கு வந்தவுடன் அவர் கடைக்கே தகவல் போய்ச் சேருவது மற்றொரு முறை. ஓடை இவ்விரண்டாவது முறையைச் சேர்ந்தது. வலைத்தளத்தில் புதிதாக வருவனவற்றின் பட்டியல் ஒரு சிறு கோப்பாக ஓரிடத்தில் இருக்கும். வாசகருடைய கைப்பேசியில் உள்ள செயலி அவ்வப்போது அக்கோப்பைத் தானே போய்ப் பார்த்துப் புதியதை எடுத்து வந்துவிடும். ஆர்.எஸ்.எஸ். என்னும் மூன்றெழுத்தால் இதனைக் குறிப்பர். அம்மூன்றெழுத்தைக் கேட்டு வேறொன்றை நினைந்துவிட வேண்டா. 1999-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதனை உருவாக்கிய இருவருள் ஒருவர் இராமநாதன் குகா என்பவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். நமக்குப் பெருமை தரும் செய்தி அல்லவா? 2013-இல் கூகுள் தன் ஓடை வாசிப்பானை மூடியபோது, ஓடையின் காலம் முடிந்தது என்றனர் பலர். இன்று இளைஞர் செவியில் மாட்டிக்கொண்டு கேட்கும் பாட்காஸ்டுகளுள் பெரும்பாலானவை இதே ஓடையில்தான் வந்துகொண்டிருக்கின்றன.

வத்திக்கானும் இதனைக் கைக்கொண்டுள்ளது. 1931-இல் மார்க்கோனியைக் கொண்டு வானொலி நிலையம் அமைத்தவர்கள் அவர்கள். 1995-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் வலைத்தளம் திறந்தார்கள். அதன் கணிப்பொறிகளுக்கு மிக்கேல், கபிரியேல், இரபேல் என்று வானதூதர் பெயர்களை இட்டனராம். இன்று வத்திக்கான் செய்திகளுக்குத் தமிழ்ப் பக்கமும் தமிழ் ஓடையும் உள்ளன. முதற்கண் அவ்வோடையை நம் இளைஞர் தளத்தில் இணைத்தோம். தலைப்பை மட்டும் காட்டி, முழுச் செய்திக்கு அவர்கள் பக்கத்திற்கே வழிவிட்டோம். பிறர் எழுதியதை முழுவதும் எடுத்துப் போட்டுக்கொள்வது சீட்டில்லாப் பயணம் போன்றது என்பது என் கருத்து. இளைஞர் சிலர்க்கு இதில் உடன்பாடு இல்லை. யான் விட்டுக் கொடுக்கவில்லை. விவிலிய வாசகங்களுக்கும் அவ்வாறே செய்தோம். 1995-இல் திண்டிவனத்து நடுநிலையம் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்புக்கு உரிமையாளர் உளர். இசைவு பெறும்வரை அதிகாரமும் வசன எண்ணும் மட்டும் தருவோம், வீட்டிலுள்ள நூலைத் திறந்து படித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். தூசு படிந்த நூல்கள் சில வீடுகளில் இதனால் கீழே இறங்கியதாகக் கேள்வி.

இனி, நம் சொந்த ஓடையை அமைத்த பாடு. ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, முகவரி, சுருக்கம், நாள், அடையாள எண் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பார்சல் சீட்டு எழுதியவனுக்கு இது புதிதன்று என்று எண்ணி இறங்கினேன்.

முதல் இடறல் நேரத்தில். காலை ஐந்தரை மணிக்கு உரிய வாசகக் குறிப்பு, முற்பகல் பதினொன்று மணிக்குரியதாகக் காட்டப்பட்டது. "இரயில்காரர் செய்த ஓடை தாமதமாகத்தானே வரும்" என்று கேலி செய்தனர். காரணம் இதுதான்: நேரத்தின் பின்னால் இந்திய நேரத்திற்குரிய ஐந்தரை மணி வேறுபாட்டைக் குறிக்காமல், கிரீன்விச்சு நேரம் என்று எழுதிவிட்டேன். நாளும் கிழமையும் ஆங்கிலக் குறுக்கத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது விதி. ஞாயிறு என்று தமிழில் எழுதினால் அச்செயலிகளுக்கு விளங்குவதில்லை.

இரண்டாவது இடறல் ஜூன் 29 அன்று. அது பேதுரு, பவுல் என்னும் இரு திருத்தூதரின் பெருவிழா. தலைப்பில் இரு பெயர்களுக்கும் இடையே கடைப் பலகைகளில் போடுகிறார்களே, சுழித்த ஆங்கில 'அண்டு' குறி, அதனைப் போட்டிருந்தார் ஓர் இளைஞர். அக்குறி ஓடையின் மொழியில் வேறொரு பணிக்கு ஒதுக்கப்பட்டது. அப்படியே எழுதினால் கோப்பு முழுவதும் செல்லாததாகிவிடும். ஒரு வேகன் தடம் புரண்டால் பாதை முழுவதும் அடைபடுகின்றதல்லவா? அன்று எவர்க்கும் எதுவும் சேரவில்லை. நெடுநேரம் தேடிக் கண்டபின், "பேதுருவும் பவுலும்" என்று மாற்றினேன். ஓடை மீண்டும் ஓடிற்று. நம் மொழியில் உம் என்னும் இடைச்சொல் இருக்க, அக்குறி நமக்கு எதற்கு?

மூன்றாவதைச் சொல்ல இன்னும் நாணுகின்றேன். காலனியில் மூத்த அன்பர் ஒருவர் காலமானார். இரங்கல் அறிவிப்பை ஓடையில் இட்டேன். அவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, திருத்தினேன். அடக்க நேரம் தலைப்பிலேயே இருந்தது, அது மாறிற்று, மறுபடியும் திருத்தினேன். இரவு, வெளியூரில் மணமாகிச் சென்றிருந்த அவர் மகள் தொலைபேசியில் அழைத்தாள். வண்டியில் வந்துகொண்டிருந்தாள். "அண்ணே, எங்கள் அப்பாவை எத்தனை முறை சாகடிப்பீர்கள்?" என்று கேட்டாள். யான் செய்தியின் அடையாள எண்ணைத் தலைப்பிலிருந்தே உருவாக்கும்படி வைத்திருந்தேன். தலைப்பைத் திருத்தும்போதெல்லாம் எண்ணும் மாற, செயலிகள் அதனைப் புதுச் செய்தி என்றே கொண்டு மீண்டும் மீண்டும் மணி அடித்தன. ஒரு வேகனுக்குப் பதினொன்று இலக்க எண் ஒருமுறை இட்டால், வண்ணம் மாறினும் சரக்கு மாறினும் அவ்வெண் மாறாது. அதனை நாள்தோறும் எழுதுகின்ற கை இப்பிழையைச் செய்தது. அன்றிரவே எல்லாச் செய்திகளுக்கும் மாறா எண் இட்டேன். அடக்கத்தன்று அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

நாட்காட்டியும் எளிதன்று. உயிர்ப்புப் பெருவிழா 2025-இல் ஏப்ரல் 20-ஆம் நாள் வந்தது. 2026-இல் ஏப்ரல் 5. நிலவைப் பின்பற்றும் விழாவாதலின் தவக்காலமும் அதனோடு நகரும். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுக்கு ஒரு சுற்று. பொதுக்கால வாரநாள்களின் முதல் வாசகம் ஈராண்டுக்கு ஒரு சுற்று. சென்ற ஆண்டுப் பட்டியலை எடுத்து ஒட்டலாம் என்று நினைத்தவன் ஏமாந்தான். நம் கால அட்டவணைக் குழுவினர் இதனைப் பார்த்தால் மகிழ்வர்.

எழுத்துச் சிக்கலைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த செபங்களில் கொம்பு முன்னே, உயிர்மெய் பின்னே. யூனிகோடு முறையில் மெய் முன்னே, கொம்பு பின்னே. மாற்றாது இட்டால் வெறுங் கிறுக்கல்தான். 1578-இல் தமிழெழுத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது தமிழகத்திலன்று, கொல்லத்தில். அயலூரில் இருந்துகொண்டு தமிழெழுத்தோடு மல்லுக்கட்டியவர் நமக்கு முன்னரும் இருந்திருக்கின்றனர்.

கடைசியாகக் குரலைச் சேர்த்தோம். ஓடையில் ஒலிக்கோப்பின் முகவரி, அளவு, வகை மூன்றையும் எழுதிவிட்டால் போதும். செபத்தை யார் சொல்வது என்று எண்ணியபோது, முள் திருகிய அவ்வம்மையாரையே கேட்டோம். முதலில் மறுத்தார், பிறகு பேரனின் கைப்பேசி முன் அமர்ந்து, தம் தாய் சொல்லிக் கொடுத்த மாலைச் செபத்தைச் சொன்னார். பின்னணியில் அரக்கோணம் செல்லும் வண்டியின் கூவலும் பதிந்துவிட்டது. நீக்கிவிடலாம் என்றான் பேரன். மாற்றலாகிப் போனவர்கள் வேண்டா என்று எழுதிவிட்டனர்.

நம் சங்க அறிவிப்புகளுக்கும் இத்தகைய ஓடை வேண்டும் என்று செயலாளர் கேட்கின்றார். அமைத்துத் தர யான் ஒருப்படுகிறேன். நாள்தோறும் எழுதுவதற்கு மட்டும் இளைஞர் இருவர் வேண்டும். பெயர் தர விரும்புவோர் விழா முடிந்ததும் வாயிற் பக்கத்து மேசையில் என்னைக் காணலாம்.