விளையாட்டில் நீ யார்?

"எப்பப் பார்த்தாலும் கேம்!" என்று அலுத்துக்கொள்கிறோம். நானும்தான்.

நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இணைய விளையாட்டிலேயே பொழுதைக் கழித்தார். 2014இல் 25 வயதில் இறந்தபோது, மகனுக்கு நண்பர்களே இல்லை என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். அவரது வலைப்பூவில் செய்தியை எழுதினார்கள். பல நாடுகளிலிருந்து இரங்கல் மின்னஞ்சல்கள் குவிந்தன.

அந்த விளையாட்டில் அவர் இபெலின் என்ற துப்பறிவாளர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகவே மாறித் தட்டச்சில் உரையாடும் குழு அது. நம் பள்ளி நாடகம் மாதிரிதான். எழுதிவைத்த வசனம் மட்டும் இருக்காது. இபெலின் ஓடினார், காதலித்தார், சண்டையும் போட்டார். மதிப்பெண் குறைந்ததென்று நெதர்லாந்துத் தோழி ஒருத்தியின் கணினியைப் பெற்றோர் பறித்தபோது, அவள் மனமுடைந்துபோனாள். மாட்ஸ் அந்தப் பெற்றோருக்கே கடிதம் எழுதினார்.

தூக்கம், பணம், முகமறியாதவர்கள் பற்றிய நம் கவலை நியாயமானது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், "அங்கே நீ யார்?" என்று கேட்டுப் பார்த்தேன். வாயே திறக்காத மாணவன் எழுந்தான். ராப்லாக்ஸில் அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுநராம். மணி அடித்தும் பேசிக்கொண்டிருந்தான்.