நின்றுபோன ஹெரால்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் பிரிவு மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஓடித் தேயும் வண்டி எல்லாருக்கும் தெரியும். நின்றே கெடும் வண்டியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் 1995-இல் காலமானார். அவருடைய 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அன்றைக்கு ஷெட்டில் நின்றது, நின்றதுதான். 2024-இல் அவர் மனைவி எங்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். பழைய இரும்புக்காரர் விலையும் பேசிவிட்டுப் போயிருக்கிறார். "ஒரு தடவை ஓடிட்டா வச்சுக்கறேன் அண்ணா. இல்லேன்னா குடுத்துடறேன்" என்றார். கெடு ஒரு மாதம்.

மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான கார். வடிவமைத்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினில் வேலை பார்க்கலாம். இன்று ஒரு பல்பு மாற்றவே பம்பரைக் கழற்றுகிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள்!

முதல் நாளே வீட்டுப் பையன் புது பேட்டரியோடு தயாராக நின்றான். "சாவியைத் திருப்பிப் பாத்துடலாமே, அங்கிள்?" பல வண்டிகள் சாவது இந்த இடத்தில்தான். இத்தனை வருஷத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்திருக்கும். பிஸ்டன் ரிங்குகள் துருவோடு ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் பலமாகச் சுழற்றினால் ரிங் உடையும், சுவர் கீறும். சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெயும் டீசலும் கலந்து கொஞ்சம் ஊற்றினோம். பிறகு காத்திருப்புத்தான். தினமும் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பார்ப்போம். முட்டினால் விட்டுவிடுவோம். பத்து நாள் அசையவே இல்லை. பையன் எங்களை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தான். பதினோராம் நாள் காலையில் விரல் அகலம் நகர்ந்தது. மறுநாள் முழுச் சுற்று!

அதற்குள் டேங்கையும் கழற்றியிருந்தோம். உள்ளே இருந்தது ஈயம் கலந்த காலத்துப் பெட்ரோல். நாட்டில் அதை 2000-இல்தான் நிறுத்தினார்கள். வார்னிஷ் மாதிரி பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கும் நாற்றம். தயவுசெய்து யாரும் டியூப் வைத்து வாயால் உறிஞ்சாதீர்கள், ஈயம் விஷம். பழைய ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். இன்றைய பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். கார்புரேட்டர் ஜெட், பாயின்ட், ஏர்ஃபில்டரில் எலி கட்டிய வீடு, இவையெல்லாம் ஒரு நாள் வேலை.

பிரேக்கில்தான் தகராறு. எஞ்சின் முதலில் கிளம்பட்டும் என்று இரண்டு பேர், பிரேக் முதலில் என்று நானும் இன்னொருவரும். ஷெட்டிலிருந்து தெருவுக்கு நல்ல சரிவு, எதிரே பள்ளிக்கூடம். பிரேக்தான் முதலில் என்று முடிவாயிற்று. வீல் சிலிண்டர் நாலும் இறுகிக் கிடந்தன. கழற்றிச் சுத்தம் செய்து, கப் வாஷர் எல்லாம் புதிதாகப் போட்டு, காற்றெடுத்து முடிக்க ஆறு நாள்.

எண்ணெய், ஃபில்டர் மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். ஆயில் விளக்கு அணையும் வரை சுழற்ற வேண்டும். அணைந்தது. பிளக்கை மாட்டி, அந்த அம்மாவிடமே சாவியைக் கொடுத்தேன். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை. அவர் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை. சாயங்காலம் இரும்புக்காரருக்கு போன் போட்டு, "வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

இனி ஆர்.டி.ஓ. வேலை. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவு வந்தது. பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் தினசரி ஓட்டக்கூடாது. அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கைபிரேக் கேபிள் இன்னும் பாக்கி. மாணவர்கள் யாராவது வருவதானால் சனிக்கிழமை காலை வரலாம். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.