தாது வருடப் பஞ்சமும் இரு கொடையாளரும்



'கிறித்தவ வாழ்வில் ஈகை' என்னும் பொருளில் உரையாற்றப் பணித்துள்ளீர்கள். ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலை நோக்கிச் செல்லும் காவடிகளுக்கு நீர்மோர் வார்த்துப் பழகிய இவ்வூர் அவையில், ஈகை யாதென நான் விளக்க வேண்டுவதில்லை. கொடுப்பவர் உள்ளத்தில் இருப்பது யாது என்பதே இன்றைய வினா.

ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுமை ஊதியத்தை எண்ணி அறம் செய்பவன் அல்லன் அவன் என்று பிரித்துக் காட்டினார். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு பிரானும் இந்நுட்பத்தைத் தொடுகிறார். பிறர் காணக் கொடுப்பவன் தன் பலனை அப்போதே பெற்றுவிட்டான் என்பது அவர் கருத்து. எனினும் மறைவில் கொடுப்பவனுக்கு இறைவன் பலன் அளிப்பான் என்றும் அங்கே உண்டு. மோசியார் பலனையே விலக்குகிறார். நற்செய்தியோ பலன் தருபவரை மாற்றுகிறது. இரண்டும் ஒன்றே என மேடையில் பூசி மெழுகுவது ஆய்வுக்கு அழகன்று.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் குடித்த தாது வருடப் பஞ்சத்தை நினைவு கூர்வோம். நிவாரண வேலைக்கு வந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவை அடிப்படையாக வைத்துக் கூலியைக் குறைத்தார் அரசின் பேராளர் சர் ரிச்சர்டு டெம்பிள். அங்கே கொடையின் நோக்கம் சிக்கனம்.

அதே காலத்தில், நமக்கு வடக்கே ஆந்திர மண்ணில், ஓங்கோலில் இருந்தார் ஜான் கிளஃப் என்னும் அமெரிக்க பாப்திஸ்து ஊழியர். பக்கிங்காம் கால்வாயில் ஏறத்தாழ மூன்றரை மைல் வெட்டும் பணியைக் குத்தகையாக ஏற்று, பசித்தோர்க்கு வேலையும் கூலியும் அளித்தார். வந்தவர்களுள் பலர் ஞானஸ்நானம் கேட்டனர். அவர் இசையவில்லை. சோற்றுக்காக மதம் மாறினர் என்ற ஏச்சு அவர்கள்மேல் விழலாகாது. தம் கொடையும் தூண்டில் ஆகலாகாது. நிவாரணப் பணி முடியும்வரை, ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்கச் செய்தார். பின்னர் 1878 சூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். இவ்வெண்ணைப் பெருமையாகச் சொல்வோர் பலர். எனக்கோ அந்தக் காத்திருப்பே பெரிதாகப் படுகிறது.

பசி தீர்ந்தபின் வந்தவர் நெஞ்சில் நன்றி இருந்திராதா, அதுவும் ஒரு கட்டுத்தானே என நீங்கள் கேட்கலாம். இருந்திருக்கும். வந்தோருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மாதிகர் சமூகத்தினர். அவர்கள் மானத்தையும் நாடி வந்தனர். பெறுபவர் நெஞ்சைச் சல்லடையிட்டுப் பார்க்கக் கொடுப்பவருக்கு உரிமை ஏது? கிளஃப் தம் பக்கத்துக் கட்டை மட்டுமே அவிழ்த்தார்.

தமிழகத்திற்கு வருவோம். முன்சீப்பாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் அமைத்தார். கத்தோலிக்கராகிய அவர் கொடுத்த கஞ்சிக்கு மதம் கேட்கப்படவில்லை. பெரிய புராணத்து நந்தனாரைக் கீர்த்தனையாக்கிய சைவர் கோபாலகிருஷ்ண பாரதியார், அவர் கொடையை வியந்து ஒரு கீர்த்தனை பாடினார்.

பாவலர்களாகிய நமக்கு உரிய இடர் இங்கேதான் எழுகிறது. இடக்கை அறியாமல் வலக்கை கொடுத்ததை ஒரு புலவர் ஊரறியப் பாடிவிட்டால், அது மறைவான கொடையாக நிற்குமா? பாட்டுக்காகக் கொடுப்பது வேறு. கொடுத்தபின் பாட்டு வருவது வேறு என்பேன். பரிசில் பெற்றுப் பாடிய மரபின் வழித்தோன்றல்கள் நாம். குழல்விளக்கின் ஒளியை மறைக்கும் அளவுக்கு 'உபயம்' எழுதுவோரைக் கண்டு நகைக்கிறோம். நம் மலரிலும் நன்கொடையாளர் பெயர்ப்பட்டியல் உண்டல்லவா? (அவர்கள் என்னைப் பொறுத்தருள்க.) பெயரை அச்சிடுவது நம் நன்றி. அச்சிட்டால்தான் கொடை என்பவரிடம் வாங்குவதா என்பதை மன்றம் அடுத்த ஆண்டுக்கேனும் எண்ணிப் பார்க்கட்டும்.

பாரதியாரின் பாராட்டு ஒருபுறம் இருக்க, பிள்ளையவர்கள் தாமே பாடியதையும் நோக்க வேண்டும். 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் பஞ்சம் தீர இறைவனை வேண்டும் பாடல் உள்ளது. அதில் அவர் கஞ்சி வார்த்தவராக அன்று, கையேந்தி இரப்பவராகவே நிற்கிறார்.