பஞ்சாலையிலிருந்து வந்த காப்டன்
(பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



போனஸைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் வாலிபாலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். யாரும் எழுந்து போக வேண்டாம். நாம் சொல்லப்போகும் விளையாட்டு வீராங்கனை பஞ்சாலைக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்தான். பெயர் கஸாய் மஸாயே. ஜப்பானில் யமனாஷி மாகாணத்தில் 1933இல் பிறந்தவர்.

முதலில் அந்த நாட்டுப் பஞ்சாலையைக் கொஞ்சம் பார்ப்போம். குடியானவன் வீட்டுப் பெண்ணின் பேரில் தகப்பன் முன்பணம் வாங்குவான். பெண் ஆலை விடுதிக்குப் போவாள். கடன் தீரும்வரை வெளியேற முடியாது. முன்பணம் என்றால் என்னவென்று இங்கே இருக்கும் விவசாயத் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தக் கொடுமைகளை, தானே பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்த ஹொஸோய் வாகிஸோ 1925இல் புத்தகமாக எழுதினார். பெண்களின் இரவு ஷிப்டு அங்கே 1929இல்தான் நின்றது. யுத்தத்திற்குப் பிறகு, 1947இல் வந்த தொழில் சட்டமும் இரவு 10 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. இந்தப் பத்து மணியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலைகளில் பெண்களுக்குப் பொழுதுபோக்காக வந்தது வாலிபால். பிறகு கம்பெனிகளுக்குள் போட்டியாயிற்று. நிச்சிபோ என்ற பெரிய பஞ்சாலைக் கம்பெனி, ஒஸாகா பக்கம் கைஸூகா ஆலையில் ஒரு டீம் அமைத்தது. அதன் காப்டன்தான் கஸாய். பயிற்சியாளர் டைமட்ஸு ஹிரோபுமி, இம்பால் யுத்தத்தில் உயிர் தப்பிய ராணுவ அதிகாரி.

பெண்கள் காலையில் ஆலையில் வேலை பார்ப்பார்கள். பெரும்பாலோருக்கு ஆபீஸ் வேலை, ஸ்பின்னிங்கில் அல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் பயிற்சி. நள்ளிரவு வரை, சில நாள் அதற்கும் மேல். டைமட்ஸு பந்தை வீசிக்கொண்டே இருப்பார். பாய்ந்து விழுந்து எடுத்து, உருண்டு எழுந்து, அடுத்த பந்துக்கு நிற்க வேண்டும். விழுந்த வேகத்திலேயே உருண்டு எழும் அந்த முறையை உலகத்துக்குக் காட்டியது இந்த டீம்தான்.

பத்து மணிக்கு மேல் மிஷினைத் தொடக் கூடாத சட்டம், பந்தைத் தொடுவதைத் தடுக்கவில்லை. கம்பெனிக்குப் பெயரும் விளம்பரமும் தேடித்தந்த அந்த உழைப்பு எந்த மஸ்டரிலும் ஏறவில்லை. விருப்பத்தோடுதான் செய்தோம் என்று அந்தப் பெண்கள் கடைசிவரை சொன்னார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஜெயிக்கவேண்டும் என்ற வெறி அவர்களுடைய சொந்தச் சொத்து. ஆனால் விருப்பத்தோடு செய்த உழைப்பும் உழைப்புத்தானே?

1960இல் பிரேஸிலில் நடந்த உலகப் போட்டியில் சோவியத் டீம் முதலிடம், ஜப்பான் இரண்டாமிடம். 1962இல் மாஸ்கோவிலேயே சோவியத் டீமைத் தோற்கடித்து ஜப்பான் உலகச் சாம்பியன் ஆயிற்று. கஸாய்க்கு அப்போது 29 வயது. விலகிக் கலியாணம் செய்துகொள்ள நினைத்தார். ஊர் விடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக வாலிபால் சேர்க்கப்படுகிறது, இன்னும் இரண்டு வருஷம் இருங்கள் என்றார்கள். இருந்தார்.

1964 அக்டோபர் 23. எதிரே மறுபடியும் சோவியத் டீம். ஜப்பானின் 12 பேரில் 10 பேர் நிச்சிபோ பெண்கள். முதல் இரண்டு ஸெட் 15-11, 15-8. மூன்றாவதில் ஜப்பான் 14ஐத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரே பாயிண்ட். சோவியத் பெண்கள் விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து 13க்கு வந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு சோவியத் வீராங்கனையின் கை வலைக்கு மேலே எதிர்ப்பக்கம் போயிற்று. தவறு என்று விசில் ஊதினார்கள். 15-13. தங்கம்! டோக்கியோ வட்டாரத்தில் டெலிவிஷன் வைத்திருந்த வீடுகளில் நூற்றுக்கு 66.8 வீடுகள் அந்த ஆட்டத்தைப் பார்த்தன. தோற்றது சோவியத் டீம் என்பதால் நமக்கு இதில் கசப்பு ஏதுமில்லை. இரண்டு பக்கமும் ஆடியவர்கள் பெண்கள், ஆடியது நல்ல ஆட்டம்.

கஸாய்க்கு வயது 31 ஆகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்க நேரம் ஏது? கடைசியில் பிரதம மந்திரி ஸாட்டோவே தரகராகி, ஒரு ராணுவ அதிகாரியை அறிமுகம் செய்துவைத்தார். 1965இல் கலியாணம். நாட்டுக்காக நின்ற பெண்ணுக்கு நாடு செய்த கைம்மாறு ஒரு வரன்! நிச்சிபோ டீம் அவர் விலகிய பிறகும் ஜெயித்தது. 1966 வரை தொடர்ச்சியாக 258 ஆட்டம். டைமட்ஸு 1968இல் ஆளுங்கட்சி சார்பில் மேல்சபை மெம்பரானார். 1969இல் கம்பெனி வேறொன்றோடு இணைந்து யூனிட்டிகா ஆயிற்று. அந்த டீமும் 2000த்தில் வேறு கம்பெனிக்குக் கைமாறிவிட்டது.

கஸாய் என்ன செய்தார்? குடும்பப் பெண்களுக்கு வாலிபால் கற்றுக்கொடுத்தார். அடுப்படி வேலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்களின் ஆட்டம் அது. அங்கே அதற்கு 'அம்மா வாலிபால்' என்றே பெயர். நள்ளிரவுப் பயிற்சி கிடையாது. களைத்தால் உட்காரலாம், சிரிக்கலாம். 2008இல் சர்வதேச வாலிபால் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2013 அக்டோபரில், 80வது வயதில் காலமானார்.