தெருவிளக்கும் விண்மீனும்

மட்டாஞ்சேரிவாழ் தமிழராகிய நாம், இரவில் குறுகிய சந்துகளில் கால் இடறுவது விளக்கின்மையால் மட்டுமன்று, கண்கூசும் விளக்காலும்தான். நேரே கண்ணில் பாயும் ஒளி, அதற்கப்பாலுள்ள படியையும் பள்ளத்தையும் மறைத்துவிடுகிறது. மேல்நோக்கிச் செல்லும் ஒளியோ வீணாகி, விண்மீன்களையும் மறைக்கிறது.

நேயர்களே! லடாக்கிலுள்ள ஹான்லேயில், வானாராய்ச்சி நிலையத்தின் பொருட்டு, 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022ஆம் ஆண்டில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வெளிவிளக்குக்கு மூடியும் சாளரத்திற்குத் திரையும் இடுகின்றனர். தொலைநோக்கியில்லாத நம் தெருவுக்கும் இம்முறை பொருந்தும். மேல்மூடி, தரைநோக்கிய ஒளி, மஞ்சள் நிறம், கடையடைத்தபின் விளம்பர விளக்கணைத்தல் ஆகிய நான்கையும் மாநகராட்சி விதியாக்குமாறு வேண்டுவோம். நீல ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறுவதாலேயே மஞ்சளை விரும்புகிறோம். அதுவரை நம் வாயில் விளக்கை நாமே தரைநோக்கித் திருப்புவோம்.