முக்லுக்: எண்ணெய் கிளம்பிப் போன இடம்

1983, அலாஸ்காவுக்கு வடக்கே பியூஃபோர்ட் கடல். சோஹியோவும் கூட்டாளிகளும் கடலுக்குள்ள சரளைத் தீவே கட்டி, முக்லுக்னு ஒரு கிணறு தோண்டினாங்க. குத்தகையும் சேர்த்து செலவு 100 கோடி டாலருக்கு மேல. கிடைச்சது உப்புத்தண்ணி. பாறையில எண்ணெய்க் கறை மட்டும் இருந்துச்சு. எண்ணெய் இருந்து, பின்னாடி கசிஞ்சு போயிருக்கு.

எண்ணெய் உண்டாகுற பாறை, அதைத் தேக்குற பாறை, சேர்ந்து நிக்க ஒரு மேடு, மேல ஒழுகாத மூடி. நாலும் வேணும். ஒவ்வொண்ணுக்கும் 70 சதவீதம்னு வைங்க. பெருக்கினா 24 தான். நாலு சர்வீஸ் வரிசையா தொங்குற நம்ம ப்ரொடக்‌ஷன் மாதிரி. (பேஜர் வச்சிருக்கவங்களுக்குப் புரியும்.) நில அதிர்வுப் படத்துல மேடு அழகா தெரியும், மூடி கோடிக்கணக்கான வருஷம் தாங்குச்சான்னு தெரியாது.

24னு சொன்னவரை ஒரே கிணறை வச்சு திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது. அவர் 24னு சொன்ன எல்லா கிணறையும் எடுத்து எண்ணணும்.