மாத்திரையை நிறுத்தாதீங்க

ஓசூர், சூளகிரி பக்கம் பலர் சொல்றாங்க: "சர்க்கரை இறங்கிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்." இறங்கியது மாத்திரையால்தானே? களை எடுப்பதை விட்டால் களை திரும்ப முளைக்காதா?

மெட்ஃபார்மின், ஈரல் இரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைக்கும். சாப்பாட்டோடு போட்டால் வயிற்றுத் தொந்தரவு குறையும். அட்டார்வாஸ்டாட்டின் கெட்ட கொழுப்பைக் குறைத்து, மாரடைப்பு வரும் வாய்ப்பைக் குறைக்கும். கொழுப்பு கூடினால் வலி தெரியாது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு"ன்னு விட்டுடாதீங்க. ராகிக் களியானாலும் அளவோடு உண்ணுங்கள். காரணமில்லாமல் தசை வலித்தால், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வந்தன. உங்களுக்கு வரவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. கொழுப்பு மாத்திரையையும் அங்கேயே விசாரியுங்க.